பார் வைத்த சைக்கிள்

செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கால் இடுக்கில் வைத்து, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். நோட்டின் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து கோடு வரை டேப் பிடித்து அளந்தாள் மகள். 74 சென்டிமீட்டர். 53 வயதில் என் கால் உயரம் எனக்குத் தெரியவந்தது.

"அப்படின்னா பார் 70-ஐத் தாண்டக் கூடாதும்மா. இறங்கி நிக்கிறப்ப பாருக்கும் ஒடம்புக்கும் நடுவுல ரெண்டு விரக்கடையாவது இடம் இருக்கணும்."

நான் சைக்கிள் கற்றுக்கொண்ட 1991-ஆம் ஆண்டில் யாரும் என்னை அளக்கவில்லை. கிடைத்தது 22 இன்ச் ஜென்ட்ஸ் சைக்கிள். பெடல் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். அதற்கு மேல் சீட் குழாய் 22 இன்ச், அதாவது 56 சென்டிமீட்டர். குழாயின் சாய்வைக் கழித்தாலும் பார் இருந்த உயரம் 80-க்குக் குறையாது. என் காலைவிட ஆறு சென்டிமீட்டராவது உயரம். அந்தக் கணக்கை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். அன்று போட்டிருந்தால், இது ஆகாத காரியம் என்று திரும்பி வந்திருப்பேனோ என்னவோ.

எங்கள் ஊர் அன்னவாசல் பக்கம். பெரியவர்களுக்கு எழுத்தறிவு கற்பிக்கும் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்த வருஷம் அது. எனக்கு 19 வயது, பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ராத்திரி வகுப்புக்குப் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றார்கள், பெயர் கொடுத்தேன். பக்கத்துக் குடியிருப்புக்கு மூன்று கிலோமீட்டர் நடந்து போய், அரிக்கேன் விளக்கில் 'பட்டா, படி' என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வர ஒன்பதரை ஆகும். துணைக்கு அப்பாவோ சித்தப்பாவோ வர வேண்டும். அவர்கள் வர முடியாத நாளில் வகுப்பு இல்லை. எங்களைப் போன்ற தொண்டர்கள் மாவட்டம் முழுக்க இருந்தார்கள். எல்லாருக்கும் இதே கதைதான். எழுத்து சொல்லித்தரப் போகிற பெண்ணுக்கே யாராவது துணைக்கு வர வேண்டியிருந்தால் எழுத்து எப்படி ஊர் போய்ச் சேரும்? அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதைப் புரிந்துகொண்டார். படிப்போடு சைக்கிளையும் சேர்த்தே கற்றுக்கொடுப்பது என்று முடிவானது. பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்கக் கடனுக்கும் வழி செய்தார்கள்.

லேடீஸ் சைக்கிள் கொஞ்சந்தான் இருந்தது, கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அதனால் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டோம். வாடகை சைக்கிள் மணிக்கு ஒரு ரூபாய். எங்களூர்க் கடைக்காரர் முதல் இரண்டு நாள் தரவில்லை. விழுந்து கைகாலை ஒடித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று அவருக்குப் பயம். மூன்றாம் நாள் நாங்கள் ஏழு பேர் போய் நின்றோம், கொடுத்துவிட்டார்.

பழகிய இடம் வற்றிய கண்மாய். விழுந்தால் மண், அதுதான் சௌகரியம். முதலில் குரங்குப் பெடல். பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு, பாதி வட்டம் மிதித்து மிதித்துப் போக வேண்டும். எட்டு வயதுப் பையன்கள் செய்கிற வேலை. தாவணியைச் சொருகிக்கொண்டு நாங்கள் செய்தோம். பிறகு அரைப் பெடல். பிறகு பாருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு சீட்டில் ஏறுவது. அந்தக் கட்டம் வந்த அன்றைக்குக் கண்மாய்க்கரையில் ஊரே நின்றது.

அப்பத்தா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "பொட்டப்புள்ள பாருக்கு மேல கால் போட்டா வீட்டுக்கு வெளங்குமா?" என்று அம்மாவிடந்தான் கேட்டது. அம்மா பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் பொழுது சாய்ந்ததும் அம்மாவே கண்மாய்க்கு வந்து, "எனக்கும் புடிச்சுக் குடு" என்றது. அம்மாவுக்கு அப்போது 38 வயது. மூத்த மகளான நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இன்றைக்கும் என் வலது உள்ளங்கையில் அந்தக் கேரியர் கம்பியின் அழுத்தம் நினைவிருக்கிறது.

கணக்குகளை வெளியில் இருந்து வந்தவர்கள் எழுதி வைத்தார்கள். புதுக்கோட்டையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். 1992-இல் ஒரே வாரத்தில் 70,000-க்கும் மேற்பட்டோர் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த ஆண்டு மகளிர் தினத்தில் 1,500 பேர் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்தோம். நானும் அம்மாவும் அதில் இருந்தோம். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டைத் தெரியாதவர் அன்று மாவட்டத்தில் கிடையாது. சாய்நாத்தின் கட்டுரை இந்தியில் பெயர்க்கப்பட்டு, மத்தியப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் இருந்தது. புதுக்கோட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாத வடநாட்டுப் பிள்ளைகள் எங்களைப் படித்துத் தேர்வெழுதினார்கள்.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு சின்ன விஷயம். லேடீஸ் சைக்கிள் கிடைக்கத் தொடங்கிய பிறகும் சில பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளே வேண்டும் என்று கேட்டார்கள் என்று அதில் வருகிறது. காரணம் பார். பார் இருந்தால் பிள்ளையை அதில் உட்கார வைக்கலாம். எங்கள் வீட்டில் இது அப்படியே நடந்தது. 1993-இல் அம்மா வாங்கியது பழைய ஹெர்குலிஸ் ஜென்ட்ஸ் சைக்கிள். புதிதாக வாங்க 1,200 ரூபாய்க்கு மேல் ஆகும், அவ்வளவு கையில் இல்லை. பாரில் ஒரு துண்டைச் சுற்றித் தம்பியை உட்கார வைக்கும். கேரியரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தண்ணீர்க் குடம். நடுவில் அம்மா. எந்த உறுப்பு எங்களை அண்டவிடாமல் நின்றதோ, அதே உறுப்புக்காக அந்தச் சைக்கிளை அம்மா தேர்ந்தெடுத்தது.

பிரேமைப் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்ததும் அந்த ஹெர்குலிஸ்தான்.

சைக்கிள் பிரேம் என்பது இரண்டு முக்கோணம். முன்னால் பெரியது, பின்னால் சிறியது. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளுக்குப் பிறகு, அடுத்த சில ஆண்டுகளுக்குள் இந்த வடிவம் நிலைபெற்றுவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் யாராலும் இதை அசைக்க முடியவில்லை. முக்கோணத்தை அழுத்தினால் கோணாது, நாற்கோணம் கோணும். பார்தான் முன் முக்கோணத்தின் மேல் பக்கம். அதை எடுத்துவிட்டுக் கீழே இறக்கினால் லேடீஸ் சைக்கிள். சேலைக்கு வசதி. ஆனால் அந்த அளவு விறைப்பு வராது, வர வைக்க வேண்டுமானால் கூடுதல் இரும்பு போட வேண்டும். மூட்டை ஏற்றுகிறவர்கள் எல்லாரும் ஏன் பார் வைத்த சைக்கிளையே வைத்திருந்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். அம்மா சுமை தூக்கியது, அதற்கு வேண்டியது சுமை தாங்கும் பிரேம்.

அந்த ஹெர்குலிஸ் பிறந்த இடம் அம்பத்தூர். முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை. பர்மிங்காம் தலைவர் ஐவன் ஸ்டெட்போர்டின் பெயரில்தான் அம்பத்தூர் மருத்துவமனை இன்றும் இருக்கிறது. உலகம் முழுக்கப் பந்தயக்காரர்கள் கொண்டாடிய ரெனால்ட்ஸ் 531 என்ற எஃகுக் குழாய் 1935-இல் வந்தது. அதைச் செய்த கம்பெனியும் அப்போது அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கையில்தான் இருந்தது. இதையெல்லாம் நான் படித்தது சமீபத்தில். தண்ணீர்க் குடம் சுமந்த எங்கள் கறுப்பு ஹெர்குலிஸுக்கும் பந்தயச் சைக்கிளுக்கும் இப்படி ஒரு பங்காளி உறவு இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது, வண்டியைத் திரும்ப ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

2001 வாக்கில் அந்த பிரேம் விட்டுப்போனது. பெடல் அச்சு உட்காரும் இடத்தில், சீட் குழாய் சேரும் மூட்டில் விரிசல். திடீரென்று ஒடியவில்லை. ஒரு வாரமாக 'கிறீச்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது, பெயின்ட்டில் முடி போல ஒரு கோடு வந்தது, அதற்குப் பிறகுதான் விட்டது. அன்னவாசலில் பட்டறை வைத்திருந்த அண்ணன் பெயின்ட்டைச் சுரண்டி, மூட்டைக் காய்ச்சி, பித்தளைப் பற்று வைத்துக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. "ஆத்தா, இது இரும்பு. சொல்லிட்டுத்தான் போவும். பத்து தடவ வந்தாலும் பத்து தடவ ஒட்டித் தரலாம்" என்றார். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் அம்மா அதை ஓட்டியது.

சொல்லிவிட்டுப் போகும் என்று அவர் சொன்னதை, கம்பியை மடக்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் புரிந்துகொள்ளலாம். எந்த உலோகத்தையும் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடியும். ஆனால் எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குக் கீழே உள்ள அசைவு எத்தனை லட்சம் தடவை வந்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. சின்ன அசைவும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் அலுமினிய பிரேமை அசையவே விடாமல் பெருத்த குழாயில் செய்கிறார்கள். எஃகின் கனம் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. விறைப்பும் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒல்லிக் குழாயே போதும்.

பிறகு காலம் மாறியது. நான் அங்கன்வாடிப் பணியாளரானேன். மையம் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். பத்து வருஷம் சைக்கிள், பிறகு ஸ்கூட்டி. ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுத்தது. 2005-06 முதல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்கும் வந்தது. நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் கடன் வாங்கியும் கெஞ்சியும் பெற்றது எங்கள் பிள்ளைகளுக்கு வீடு தேடி வந்தது. ஆனால் பிளஸ் டூ முடிந்ததும் அந்தச் சைக்கிள் மாட்டுக்கொட்டகைக்குப் போகிறது. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதுவும் நல்லதே. இவ்வளவுக்கும் நடுவில், 35 வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் சைக்கிள் மிதிப்பதை எங்கள் பக்கத்தில் பார்ப்பது அரிதாகிவிட்டது. ஒரு லட்சம் பேர் கற்றுக்கொண்ட மாவட்டம் இது.

அன்று சைக்கிள் ஏறினால், "என்னா திமிரு" என்றார்கள். இன்று ஏறினால், "ஏன் டீச்சர், வண்டி வித்துட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். அன்று கேட்டவர்களின் பேரன் பேத்திகள்தான் இப்போது கேட்பவர்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒரு இயக்கமே இருந்தது. இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொருத்தியும் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இது வலிக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் உடம்பு அசைய வேண்டும் என்றார் மருத்துவர். திரும்பவும் சைக்கிள் என்று முடிவெடுத்து டவுனில் ஒரு கடையில் ஒன்று வாங்கினேன். முன்னால் ஷாக், பின்னால் பெரிய ஸ்பிரிங், பளபளவென்று ஸ்டிக்கர். மலைச் சைக்கிள் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தூக்கிப் பார்க்கவில்லை, என் தப்பு. எங்கள் ஹெர்குலிஸ் அளவுக்குக் கனம். மிதிக்க மிதிக்க ஸ்பிரிங் அமுங்கி எழுந்தது, நான் கொடுத்த பலத்தில் பாதியை அது தின்றது. பின்பக்கம் ஆடுகிற மூட்டில் எட்டு மாதத்தில் ஆட்டம் கண்டது. கடையில் அந்தப் புஷ் தனியாக வராது என்றார்கள். நல்ல பின் ஷாக் செய்வது நுணுக்கமான வேலை. விலை அதிகமான சைக்கிளில் அது பிரமாதமாக வேலை செய்யும். மலிவான சைக்கிளில் வருவது ஷாக் என்ற பெயரில் ஒரு ஸ்பிரிங். அந்தப் பணத்தை நல்ல பிரேமுக்கும் நல்ல சக்கரத்துக்கும் கொடுப்பதுதான் புத்தி.

திருச்சியில் வேலை பார்க்கும் மகள் சனி ஞாயிறுகளில் சிநேகிதிகளோடு நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கம் சைக்கிளில் சுற்றுகிறவள். அவள்தான் சொன்னாள்: "ஒனக்கு வேண்டியது ஸ்டீல் ஹார்ட்டெயில்மா."

ஹார்ட்டெயில் என்றால் பின்னால் ஷாக் இல்லாதது. பின் முக்கோணம் அசையாமல் கெட்டியாக நிற்கும், முன் போர்க்கில் மட்டும் ஷாக். "நம்ம ஹெர்குலிஸும் பின்னால கெட்டிதானடி?" என்றேன். "அதேதான், முன்னால மட்டும் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும்" என்றாள். பிறகு ஒரு சேதி சொன்னாள். மலைச் சைக்கிளே பழைய இரும்புச் சைக்கிளிலிருந்து வந்ததாம். 1970-களில் கலிபோர்னியாவின் டமல்பாய்ஸ் மலைப் பக்கத்தில் சில இளைஞர்கள் 1930, 40-களின் கனத்த ஷ்வின் சைக்கிள்களை எடுத்து, தடித்த டயரோடு மலைச்சரிவில் இறங்கினார்கள். பின் சக்கர பிரேக் காய்ந்து கிரீஸ் புகைந்துவிடும், கீழே வந்ததும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அங்கே ஓர் இறக்கத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1976-இல் அங்கே பந்தயம் தொடங்கியது. பழைய பிரேம்கள் ஒடிந்துகொண்டே இருந்ததால், 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் அதற்கென்றே குரோமோலி எஃகில் புது பிரேம் கட்டினார். தொடக்கத்தில் அவர்களிடம் இதற்கென்று செய்த புதுச் சாமான் எதுவும் இருக்கவில்லை. தாத்தா காலத்து வண்டியைச் சரிவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் கண்மாயில் செய்ததும் அந்த வகை வேலையே.

பிரேம் பார்க்கத் திருச்சிக்கும் பெங்களூருக்குமாக இரண்டு மாதம் அலைந்தோம். ஹை-டென் என்கிற சாதாரண எஃகு மலிவு, கனம். குரோமோலி என்பது எஃகில் ஒரு சதவீத அளவுக்குக் குரோமியமும் 0.2 சதவீத அளவுக்கு மாலிப்டினமும் கலந்தது. அந்தச் சிட்டிகைக் கலப்பு கொடுக்கும் வலுவால் குழாயின் சுவரை மெலிதாக்க முடிகிறது. நல்ல குழாயில் இரண்டு முனையும் கனமாக, நடுப்பகுதி மெலிதாக இருக்கும். பற்று வைக்கும் இடத்தில் உறுதி வேண்டும், நடுவில் வேண்டாம் என்ற கணக்கு. இந்த வித்தைக்கு ரெனால்ட்ஸ் குடும்பம் காப்புரிமை வாங்கியது 1897-இல். நடுப்பகுதியின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. விரலால் சுண்டினால் மணி போல் ஒலிக்கிறது.

நான் மகளிடம் ஐந்தாறு கேள்விகள் வைத்தேன். எல்லாம் அந்த ஹெர்குலிஸ் கற்றுக்கொடுத்தவை.

பெடல் அச்சு உட்காரும் இடத்தில் மரை இருக்கிறதா? இப்போது சில பிரேம்களில் மரை இல்லாமல் பேரிங்கை அழுத்தி ஏற்றுகிறார்கள். அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும், சரியாக உட்காராவிட்டால் சத்தம் போடும். மரை இருந்தால் அன்னவாசல் பட்டறையிலும் கழற்றி மாட்டலாம். பின்னால் கேரியர் மாட்டத் துளை இருக்கிறதா? மலைச் சைக்கிள் செய்கிறவர்கள் பலர் கேரியரை நினைப்பதே இல்லை. அங்கன்வாடிக்குப் பதிவேடும் சாமானும் நான் எதில் கட்டுவது? பின் டயருக்கும் பிரேமுக்கும் இடையில் விரல் நுழையுமா? எங்கள் கண்மாய்க் களிமண் மழை பெய்தால் சக்கரத்தோடு சுற்றி வந்து பிரேமில் அடைத்துக்கொள்ளும். சக்கரம் நின்றேவிடும். கியர் தொங்கும் காது வளைந்தால் நிமிர்த்தலாமா, மாற்றலாமா? கடைசியாக, குழாய்க்குள் தண்ணீர் போனால் வெளியேற அடியில் துளை உண்டா? எஃகுக்கு எமன் வெளியே தெரியும் துரு அல்ல, உள்ளே இருந்து தின்னும் துரு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை சீட்டைத் தாங்கும் கம்பியைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டுக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

அளவுதான் எல்லாவற்றுக்கும் மேல். அழகான பிரேம் ஒன்று பிடித்துப்போய்விட்டது, ஊதா நிறம். பார் உயரம் 76. "சீட்டக் கீழ எறக்கிட்டா போச்சு" என்றார் கடைக்காரர். சீட்டை இறக்கலாம், பாரை இறக்க முடியாது. கல் தடுக்கி அவசரமாகக் காலை ஊன்றும்போது என்ன ஆகும் என்று 19 வயதில் அனுபவப்பட்டவள் நான். கடைசியில் கிடைத்தது 15 இன்ச் பிரேம். பார் முன்னாலிருந்து பின்னோக்கி நன்றாகச் சரிந்து இறங்குகிறது, நடுவில் நின்றால் 69. மண் நிறம். 27.5 இன்ச் சக்கரம், முன் ஷாக் 100 மில்லிமீட்டர். பிரேமை அவள் வாங்கித் தந்தாள், மற்றச் சாமான்கள் என் சேமிப்பு. பிரேமின் விலை மட்டும் 1993-இல் ஒரு புதுச் சைக்கிளின் விலையைப் போல முப்பது மடங்குக்கு மேல். எல்லாராலும் முடியாது. முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள ஹை-டென் பிரேம், ஷாக் இல்லாத கெட்டிப் போர்க், இரண்டு இன்ச் தடிமனுள்ள டயர் போதும், எங்கள் மண் ரோட்டுக்கு இதுவே நன்றாக ஓடும். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் டயரே பாதி ஷாக்.

சீமைக்கருவேல முள்ளுக்குத்தான் விடை தேட வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் நான்கு பஞ்சர். இப்போது டியூப் இல்லாமல், டயருக்குள் பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி ஓட்டுகிறேன். முள் குத்தினால் அந்தப் பால் ஓட்டையில் வந்து உறைந்து அடைத்துக்கொள்கிறது. எங்கள் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

பட்டறை அண்ணனின் மகன்தான் இப்போது பட்டறை நடத்துகிறார். பிரேமைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "தகரம் மாதிரி மெலிசா இருக்கேக்கா. இதுல அப்பா மாதிரி கேஸை வச்சுக் காய்ச்சுனா ஓட்டையாப் போயிரும். டிக் வெல்டிங்தான் புடிக்கணும், திருச்சிக்குப் போங்க" என்று நேர்மையாகச் சொன்னார். அந்த ஒன்றில் அந்த ஹெர்குலிஸ்தான் மேல். ஆனாலும் அலுமினியம் விரிசல் விட்டால் ஒட்டியபின் திரும்பப் பதம் ஏற்ற வேண்டும், அந்த வசதி திருச்சியிலும் எளிதில் கிடைக்காது. கார்பன் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இப்போது தினமும் மையத்துக்கு வாய்க்கால் கரை வழியாகப் போகிறேன். தார் ரோட்டில் ஆறு கிலோமீட்டர், கரை வழியாக நாலரை. ஸ்கூட்டியில் அந்த வழி போனதே இல்லை. குத்துக்கல்லும் வேரும் வரும் இடத்தில் எழுந்து நின்று மிதித்தால் பிரேம் லேசாக வளைந்து கொடுத்து நிமிர்வது பாதத்தில் தெரிகிறது. ஒரு ஞாயிறு மகளோடு புதுக்கோட்டைக்குக் கிழக்கே பொற்பனைக்கோட்டை வரை போய்வந்தேன். 2023 முதல் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. சங்க காலக் கோட்டை, அந்தப் பக்கத்தில் இரும்பை உருக்கிய தடயமும் உண்டு. செம்மண்ணில் கிடந்த இரும்புக் கசடு ஒன்றை மகள் காட்டினாள். கையில் எடுக்கவில்லை, அது அங்கேயே இருக்க வேண்டியது. குனிந்து பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றோம்.

அம்மாவுக்கு இப்போது 72. புதுச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தது. பெல்லை அடித்தது. டயரை அமுக்கியது. சரிந்து இறங்கும் பாரில் உள்ளங்கையை வைத்து நீவிவிட்டு, "எல்லாஞ் சரி. புள்ளைய எங்க உக்கார வைப்ப?" என்று கேட்டது.

என்னிடம் பதில் இல்லை. தம்பிக்கு 38 வயதாகிறது, எந்தப் பிள்ளையையும் யாரும் இப்போது பாரில் ஏற்றுவதில்லை. ஆனால் அம்மா கேட்டதுதான் சைக்கிள் வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி. இதில் எதைச் சுமக்கப் போகிறேன், எந்த வழியில், ஒடிந்தால் யார் ஒட்டுவார்?

அம்மாவின் ஹெர்குலிஸ் இன்னும் எங்கள் கொட்டகையில் நிற்கிறது. போன மாதம் பெடல் அச்சுக்குக் குண்டு மாற்றி, ரிம் கோட்டம் எடுத்து, புது டயர் போட்டேன். செலவு ஒரு புடவை விலைதான். பித்தளைப் பற்று வைத்த மூட்டு அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் 1991, 92-இல் ஓடிய ஒரு பார் வைத்த சைக்கிள் மூலையில் நிற்கலாம். தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துருவைத் தேய்த்துப் பாருங்கள், மூட்டுகளைப் பாருங்கள், சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். வீட்டில் இருக்கும் அம்மாவிடமும் அக்காவிடமும் ஒருமுறை கேளுங்கள். அவர்கள் கற்றுக்கொண்டவர்கள். கால் மறக்காது.